ஆயாவின் வாழ்க்கையைக் கேட்டு எழுதி வைப்பது எப்படி

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெண் யாராவது இருந்தால், அவர் நன்றாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும்.

என் ஆயா, அம்மாவைப் பெற்றவர், 2022-ல் போய்ச் சேர்ந்தார். எண்பது வருஷம் வாழ்ந்த மனுஷிக்கு இருந்த காகிதம் மூன்றே மூன்று: ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார். மூன்றிலும் வயது வேறு வேறு. ஆதாரில் ஜனவரி 1 என்று யாரோ போட்டுவிட்ட பிறந்த நாள். அவர் களை வெட்டிய காடு, சுமந்த மண், பெற்றுப் பறிகொடுத்த பிள்ளைகள் எதுவும் எந்தக் காகிதத்திலும் இல்லை. என் போனில் பதினோரு மணி நேரக் குரல் இருக்கிறது. அதில் எல்லாம் இருக்கிறது.

நான் தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பாவுக்குப் பெங்களூரில் கொத்து வேலை, அம்மா அங்கேயே சித்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவார்கள். என்னை வளர்த்தது ஆயா. இப்போது அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். ஆயாவிடம் தொடங்கி, எங்கள் காலனியிலும் உறவிலுமாக ஒன்பது பெண்களிடம் இப்படி உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 2012 நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரி பக்கம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளை எரித்தார்கள். எங்கள் உறவுக்காரர் வீடும் அதில் போனது. பார்க்கப் போனபோது அந்த வீட்டு அக்கா சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டு இருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளையின் மார்க் ஷீட், பத்திரம், கல்யாண போட்டோ என்றார். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் காகிதமே குறைவு, அதுவும் ஒரே டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். அன்றைக்கு வந்த பயத்தில்தான் ஆயாவின் வாழ்க்கையைப் பதிவு செய்ய நினைத்தேன். நினைத்ததற்கும் செய்ததற்கும் நடுவில் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. நீங்கள் அப்படி விடாதீர்கள்.

கஷ்டத்தைக் கேட்காதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள்

முதல் நாள் நான் கேட்ட கேள்வி தப்பு. "ஆயா, நீ பட்ட கஷ்டமெல்லாம் சொல்லு" என்றேன். "என்னாத்த சொல்றது கண்ணு, எல்லாரும் பட்டதுதான்" என்று முடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கஷ்டம், போராட்டம், ஒடுக்குமுறை எல்லாம் மேடையில் பேசுகிற சொற்கள். அப்படிக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

மறுநாள், "அப்பல்லாம் தண்ணி எங்கிருந்து எடுத்தாந்தே?" என்று கேட்டேன். நாற்பது நிமிஷம் பேசினார்.

குடிக்கிற தண்ணீருக்கு ஊர்க்கிணறு ஒன்றுதான். எங்கள் ஆட்கள் அதில் வாளி இறக்கக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு நிற்க வேண்டும். ஊரில் இருந்து யாராவது வந்து, மனம் இருந்தால், உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள். ஆண்கள் தண்ணீருக்குப் போவதில்லை என்பதால் நிற்பது எப்போதும் ஆயாதான். என் அம்மா வயிற்றில் இருந்த ஒன்பதாம் மாதம், ஒரு நாள் உச்சிப்பொழுது வரை யாரும் ஊற்ற வரவில்லை. குடம் நிறைந்து வீட்டுக்கு வந்தபோது களி கிண்டத் தண்ணீர் இல்லை என்று மாமியார் வாசலிலேயே திட்டினார். தாத்தா அடித்தார். "நின்ன கால் வலியில அடி தெரியல" என்றார் ஆயா.

அந்த ஒரு மதியத்தில் எத்தனை பேர் அவர் மேல் ஏறி நின்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். இதில் சாதி எது, பெண்ணாய்ப் பிறந்ததால் வந்தது எது, குடும்பம் செய்தது எது என்று பிரித்து மூன்று நோட்டில் எழுத முடியாது. எழுதவும் வேண்டாம். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். தாத்தாவை நல்லவராகக் காட்ட அந்த அடியை விட்டுவிடாதீர்கள். ஊரைப் பற்றிச் சொல்வது பெரிய விஷயம், வீட்டைப் பற்றிச் சொல்வது சின்ன விஷயம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆயாவுக்கு இரண்டும் ஒரே நாளில் நடந்தவை.

தண்ணீருக்கு அடுத்துக் கூலியைக் கேளுங்கள். எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. யார் அளந்தார்கள், எதில் அளந்தார்கள், யார் கையில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கேழ்வரகு அறுப்புக்கு ஆணுக்கு நாலு வள்ளம், பெண்ணுக்கு இரண்டு வள்ளம் என்றார் ஆயா. அந்த இரண்டையும் அவர் மடியில் போடவில்லை, தாத்தாவின் துண்டில்தான் கொட்டினார்களாம். தான் சம்பாதித்த தானியத்தை ஆயா தொட்டது திரிகைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான்.

அப்புறம், யார் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். இன்றுவரை எந்தப் பெண்ணிடமும் இது வீண்போனதில்லை. "எட்டு வயசுப் பையன் 'ஏண்டி, இங்க வாடி'ம்பான். நான் 'வரேன் சாமி'ன்னு போவணும்" என்றார் ஆயா. தாத்தாவுக்கு அவர் "ஏ, இவளே". மாமியார் கூப்பிட்டது பிறந்த ஊரின் பெயரை வைத்து. சரி, உன்னை உன் பேர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "எங்கம்மா. அப்புறம் கண்ணு ஆப்ரேசனுக்குப் போனப்ப நர்சம்மா" என்றார்.

உடம்பில் இருப்பதையும் கேளுங்கள். பச்சை குத்தியிருந்தால் அது எப்போது, யார் குத்தியது, என்ன கூலி என்று. ஆயாவின் இடது முன்னங்கையில் அவர் பெயர் பச்சையாக இருந்தது. ஒரு படி கேழ்வரகு கொடுத்துக் குத்திக்கொண்டாராம். எழுதப் படிக்கத் தெரியாது. "என் பேரு இப்பிடித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியணும்ல" என்றார்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

மகன் பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மா பேசமாட்டார், மகன்தான் பேசுவார். என் மாமா அப்படித்தான் செய்தார். ஆயா ஏதாவது தொடங்கினால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தாங்க" என்று குறுக்கே விழுவார். அவர் கெட்டவர் இல்லை. தன் அப்பாவைப் பற்றி வெளியில் தெரியக் கூடாது என்று நினைத்தார். கணவர் உயிரோடு இருந்தால் இன்னும் கஷ்டம். "நீ தப்பா சொல்ற, அது அப்படி இல்ல" என்று திருத்திக்கொண்டே இருப்பார். அவரிடம் தனியாக இன்னொரு நாள் பேசுவதாகச் சொல்லுங்கள். மருமகள் பக்கத்தில் இருந்தால் மாமியார் கொடுமையைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு நன்றாக அமைந்த இடம் புளி கொட்டை எடுக்கிற இடம். எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் மாசி, பங்குனி வந்தால் மண்டியில் இருந்து புளியை வாங்கி வந்து வீட்டில் வைத்து ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அங்கே ஆண்கள் வந்து உட்காரமாட்டார்கள். கை வேலையில் இருக்கும், கண் புளியில் இருக்கும். நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல முடியாததை அப்படிக் குனிந்தபடி சொல்லிவிட முடிகிறது. நீங்களும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சும்மா போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் விசாரணைக்கு வந்த ஆள் போல் இருக்கும்.

வருஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், தெரியாது. ஊருக்கே தெரிந்த சம்பவத்தோடு சேர்த்துக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் எனக்கு உதவியவை இவை. கிருஷ்ணகிரி அணை கட்டினது 1950-களின் பின்பாதி. சேலம் ஜில்லாவில் இருந்து தருமபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியது 1982 ஜூலை. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. கோலார் தங்கச் சுரங்கம் மூடினது 2001. அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு, அவர்களிடம் கே.ஜி.எஃப். என்று சொல்லுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி. பாப்பாரப்பட்டி பக்கத்தில் வீரப்பனைச் சுட்டது அதே வருஷம் அக்டோபர். "வீரப்பன் செத்தப்ப உன் பேரனுக்கு என்ன வயசு?" என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும்.

ஆயா பிறந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அவருடைய அம்மா அணைக்கு மண் சுமக்கப் போனபோது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாராம். அணை வேலை முடிவதற்குள் வயதுக்கு வந்து, அடுத்த வருஷமே கல்யாணம். அதை வைத்துத்தான் அவர் 1942 வாக்கில் பிறந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

தேதி முன்னே பின்னே இருந்தால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். எங்கள் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். பழங்குடி மக்களை அடித்தார்கள், வீடுகளை நாசம் செய்தார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அந்தப் பெண்கள் சொன்னதை முதலில் யாரும் ஏற்கவில்லை. 2011 செப்டம்பர் 29-ஆம் தேதிதான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. முப்பத்தொரு வருஷம் அந்தப் பெண்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டு இருந்தார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்குத் தோன்றும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த ஊருக்குக் கூட்டிப் போங்கள்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, நானும் ஆயாவும் காவேரிப்பட்டணம் போய், அங்கிருந்து அவர் பிறந்த ஊருக்கு டவுன் பஸ் ஏறினோம். இறங்கியதும் நடையே மாறிவிட்டது. எனக்கு முன்னால் போனார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்று, "இங்கதான் திண்ணை இருந்துச்சு. தம்பி உள்ள உக்காந்திருப்பான், சின்னவன் என் இடுப்புல. வெளிய நின்னே அ, ஆ கேட்டேன்" என்றார். அறுபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இருந்த மனுஷி, இதை ஒரு நாளும் சொன்னதில்லை. புகுந்த வீட்டில் அதைக் கேட்பதற்கு ஆள் இல்லை.

அங்கே நிலத்தைப் பற்றியும் கேளுங்கள். உன் அப்பா நிலம் யாருக்குப் போனது, நீ கைநாட்டு வைத்தாயா, வைக்கும்போது என்ன என்று சொன்னார்கள்? பெரும்பாலும் "தம்பிக்குத்தானே" என்பார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்த மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை. 2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம்தான் அந்த வித்தியாசத்தை எடுத்தது. அதற்குள் எத்தனையோ கைநாட்டு விழுந்துவிட்டது.

நீங்கள் ஊர்த்தெருவில் பிறந்தவர் என்றால்

உங்கள் பாட்டியிடமும் தண்ணீரைப் பற்றியே கேளுங்கள். ஆனால் மறுபக்கத்தில் இருந்து. "கிணத்துல யாருக்கு ஊத்தினே? எப்படி ஊத்தினே? ஊத்தாம வந்திருக்கியா?" என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டார். அவருடைய பாட்டி முதலில் கோபப்பட்டார். இரண்டு நாள் கழித்து அவராகவே கூப்பிட்டு, ஒரு கர்ப்பிணியை நிற்க வைத்துவிட்டு வந்ததையும், ஊற்றினால் மாமியார் குடத்தை விளக்கி மறுபடி தண்ணீர் சேந்தச் சொல்வார் என்ற பயத்தையும் சொன்னார். அந்தப் பாட்டி பெயரிலும் ஒரு செண்டு நிலம் கிடையாது. இந்தக் கதைகளும் எழுதப்பட வேண்டும். எங்கள் பக்கக் கதையை மட்டும் எழுதினால் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கை யாருடையது என்று தெரியாமலே போய்விடும்.

பாட்டும் மௌனமும்

பேச்சில் வராதது ஒப்பாரியில் வரும். அண்ணன் தம்பி மேல் உள்ள மனக்குறை, பிறந்த வீட்டு வாசல் மூடியது, புருஷன் செய்தது எல்லாவற்றையும் சாவு வீட்டில் பாட்டாகச் சொல்லிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் சும்மா இருக்கும்போது ஒப்பாரி பாடச் சொன்னால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். காட்டு மேட்டிலோ கிணற்றடியிலோ உட்கார்ந்து கேளுங்கள். யாருடைய சாவுக்கு அதைக் கட்டினீர்கள் என்றும் கேளுங்கள். தெலுங்கோ கன்னடமோ லம்பாடியோ வீட்டில் பேசுகிறவர் என்றால் அந்தப் பேச்சிலேயே பேச விடுங்கள். தமிழில் சொல்லும்போது பாதி வெளியே நின்றுவிடும்.

மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, ஒரு பெரியம்மா மூன்றாவது பெண்ணுக்கு வந்ததும் "அது தங்கல" என்றார். பிறகு பேசவில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். பெண் சிசுவைக் கொல்லாமல் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசே 1992-ல் சேலத்தில் தொட்டில் வைத்தது, 2001-ல் தருமபுரிக்கும் அது வந்தது. நோயாகவும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. போனை அணைத்துவிட்டு, அவரோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதும்போது "அது தங்கல" என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதி, கீழே ஒரு வரி இடம் விட்டேன். நீங்களும் தோண்டாதீர்கள். அந்தக் குழந்தையைப் பற்றி முடிவு செய்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு குரல் இருந்தது என்பது நமக்குத் தெரியாது.

பதிவு, எழுத்து, அனுமதி

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மடித்த துண்டின் மேல் வையுங்கள், தரையில் வைத்தால் சுத்தியல் சத்தம்தான் கேட்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு நிமிஷம் பதிந்து போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். அன்று இரவே பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. "பொம்பள", "போவணும்", "கண்ணு" எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். நான் தமிழாசிரியை, சிவப்பு மையால் திருத்திப் பழகிய கை இது. ஆனாலும் ஆயாவின் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அனுமதியை ஒரு முறை கேட்டால் போதாது. நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு அத்தை சொன்னதை, பெயரை மட்டும் மாற்றி, ஒரு மகளிர் தின விழாவில் வாசித்தேன். அவர் பதிவு செய்யத்தான் சரி என்றிருந்தார், வாசிக்கலாமா என்று நான் கேட்கவில்லை. ஊர் சின்னது, யார் என்று உடனே தெரிந்துவிட்டது. அவருடைய மகன் அவரிடம் மூன்று மாதம் பேசவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அத்தை மன்னித்தார், ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அதனால் இப்போது பதியும் முன் ஒரு முறை, எழுதியதும் படித்துக் காட்டி ஒரு முறை, வேறு யாருக்காவது காட்டும் முன் ஒரு முறை என்று மூன்று தடவை கேட்கிறேன். உயிரோடு இருக்கிற பண்ணைக்காரர், உறவினர் பெயர்களை எடுத்துவிடுகிறேன். எடுத்த பெயர்களைத் தனி நோட்டில் எழுதிப் பூட்டி வைக்கிறேன்.

கடைசியாக, எழுதியதை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஆயாவின் கதை நூற்றுப் பத்துப் பக்கம் வந்தது. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்குமாகப் பன்னிரண்டு படி செய்தேன். அட்டையில் ஆயாவின் பெயர் மட்டும். யாருடைய மனைவி என்று போடவில்லை. என் மகள் நாலு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். மாமாவும் வந்து தூணில் சாய்ந்துகொண்டு கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஆயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அறுப்புக் கூலி வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலு இல்ல பாப்பா. ஆம்பளைக்கு மூணு வள்ளம். எங்களுக்கு ஒண்ணரை."

பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் திருத்தினேன். பிறகு மிச்சம் பதினொரு படியிலும்.